சொல்லாமல் எடுத்தார்கள்

என் வயிற்றைத் திறந்து எதை எடுக்கப் போகிறார்கள் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

பெரும்பாடு பட்டவளுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பனியன் கம்பெனியில் மிஷினை விட்டு எழுந்திருக்கவே பயம். கறை தெரியாத கருநீலச் சேலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போவேன். நாப்கினோடு பழைய துணியையும் மடித்து வைப்பேன். அதையும் மீறி ஸ்டூலில் பட்டுவிட்டால், காலடியில் கிடக்கும் வேஸ்ட் துணியை எடுத்து யாரும் பார்ப்பதற்குள் துடைப்பேன். கட்டி கட்டியாகப் போகும். ரத்தம் ஏழு கிராமுக்கு இறங்கி, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. சூப்பர்வைசரிடம் சொல்ல வாய் வராது. வீட்டில் சொன்னாலோ, "எல்லாப் பொம்பளைக்கும் இருக்கறதுதானே" என்பார் மாமியார்.

போக்கு நிற்க வேண்டும், அதற்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஸ்கேனில் சின்ன நார்க்கட்டி. "ரெண்டு பிள்ளை பெத்தாச்சு, இனி கர்ப்பப்பை எதுக்கும்மா? விட்டா கேன்சர்ல கொண்டுபோய் விடும். இன்சூரன்ஸ் இருக்கில்ல?" கேன்சர் என்ற சொல்லைக் கேட்ட பிறகு எந்தத் தாய்க்குக் கேள்வி கேட்கத் தோன்றும்? நார்க்கட்டி புற்றாவது மிக மிக அரிது என்று அந்த டாக்டருக்குத் தெரியாதா? போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் மாத்திரை இருக்கிறது. கருப்பைக்குள் வைத்தால் வருஷக்கணக்கில் வேலை செய்யும் ஹார்மோன் காயில் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. ஒன்றையும் சொல்லவில்லை. இங்கிலீஷ் படிவத்தை நீட்டி, என் வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கினார்கள். எனக்கு அப்போது 36 வயது.

தையல் பிரித்த பிறகும் உடம்பு நெருப்பாகத் தகித்தது. நடுராத்திரியில் ஜாக்கெட் நனைய வியர்த்து எழுவேன். முழங்கால் மடங்காது. காரணமே இல்லாமல் அழுகை வரும். டிஸ்சார்ஜ் சம்மரியை வாசித்த மகள்தான், "அம்மா, ரெண்டு ஓவரியையும் சேர்த்து எடுத்திருக்காங்க" என்றாள். சினைப்பைகளை எடுத்துவிட்டால் அன்றைக்கே மாதவிலக்கு முற்றுப்பெற்ற உடம்பாகிவிடும். எலும்பு தேயும், இதயநோய் வரும் வாய்ப்பும் கூடும். ஒரு நோய்க்கு நிவாரணம் தேடிப்போன என்னை ஆயுளுக்கும் நோயாளியாக்கி அனுப்பினார்கள்.

நான் ஒருத்தி மட்டும் இல்லை என்பது இன்னும் கொதிக்க வைக்கிறது. மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் 82,000 பேரை 2019இல் விசாரித்தபோது, 13,000 பேருக்கு மேல் கருப்பை இல்லை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தானில் தேவையில்லாமல் செய்த கருப்பை அறுவைகள் குறித்து 2013இல் போட்ட வழக்கில், 2023 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பத்து வருஷம்! அதற்குள் இன்னும் எத்தனை பெண்களைக் கிழித்திருப்பார்கள்? எல்லாரும் கூலிக்குப் போகிற, கேள்வி கேட்க மாட்டார்கள் என்று நம்பப்படுகிற பெண்கள்.

நான் கேட்கிறேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை ஆவணங்களைத் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டின் மருத்துவ கவுன்சில் விதி சொல்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறேன். "ஃபைல் தேடறோம்மா" என்கிறார்கள். தேடி எடுங்கள். என்னிடமிருந்து அறுத்த சதையைப் பரிசோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டையும் கொடுங்கள். என் சினைப்பைகளில் என்ன கோளாறு இருந்தது? அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, என் கையில் கொடுங்கள்.