காட்டுக்குள் நிற்கும் மண் குதிரை

புக்கிட் பெலண்டோக் என்ற பெயருக்கு என்ன பொருள் என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். புக்கிட் என்றால் குன்று. பெலண்டோக் என்றால் சருகுமான். காட்டை அழித்து ரப்பர் நட்டார்கள். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டார்கள். சருகுமான் ஊர்ப்பெயரில் மட்டும் தங்கிவிட்டது. ஆனாலும் பல தோட்டங்களில் ஒரு மூலையில் ஒரு பெரிய மரத்தை வெட்டாமல் விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் ஒரு கல், ஒரு சூலம், ஒரு விளக்கு. முனியாண்டி என்பீர்கள், முனீஸ்வரர் என்பீர்கள். அந்த மரத்தடிக்கு உறவுமுறை உள்ளவை தமிழ்நாட்டின் கோயில் காடுகள். இந்த முறை அங்கே போய் வருவோம், வாருங்கள்.

புதுக்கோட்டை, சிவகங்கை, மதுரைப் பக்கங்களில் ஊர் எல்லையில் அய்யனார் காடு இருக்கும். சுள்ளி ஒடிக்கக்கூட அங்கே பயப்படுவார்கள். உள்ளே வரிசை வரிசையாகச் சுட்ட மண் குதிரைகள். அய்யனார் இரவில் ஊரைக் காவல் சுற்றி வருவதற்கான குதிரைகள் இவை என்பது நம்பிக்கை.

இவற்றைச் செய்பவர்கள் வேளார்கள். பானை வனையும் அதே கைகள்தாம். பல ஊர்களில் அவர்களே பூசாரிகளும் ஆவார்கள். முதலில் ஊரார் கூடி ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில் கொடுப்பார்கள். 'பிடிமண்' என்று அதற்குப் பெயர். ஒப்பந்தத் தாளும் முத்திரையும் எல்லாம் அந்த ஒரு பிடி மண்தான்! பிறகு களிமண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதிப்பார்கள். உமி சேர்ப்பது ஏன்? சூளையில் உமி எரிந்துபோனால் மண்ணுக்குள் நுண்ணிய துளைகள் உண்டாகும், ஆவி வெளியேற வழி கிடைக்கும், குதிரை வெடிக்காது. முதலில் நான்கு கால்கள், பானைபோல உள்ளே வெற்றிடமாக. அவை சற்று இறுகிய பிறகுதான் வயிறு, கழுத்து, தலை. அவசரப்பட்டால் பாரம் தாங்காமல் கால் மடிந்துவிடும்.

தோளில் தூக்கும் அளவுள்ள குதிரைகளை ஊரிலிருந்து ஊர்வலமாகக் காட்டுக்குக் கொண்டு போவார்கள். 'புரவி எடுப்பு' என்பது அந்தத் திருவிழா. தூக்க முடியாத பெரிய குதிரையையோ, அது நிற்கப் போகும் இடத்திலேயே கட்டி, வைக்கோலும் வறட்டியும் மூடி, அங்கேயே சுடுவார்கள். கடைசியில் கண் திறப்பார்கள். அதுவரை அது வெறும் மண்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குளமங்கலத்தில் 30 அடிக்கும் மேல் உயரமுள்ள ஒரு குதிரை நிற்கிறது. அது சுதைக் குதிரை. மாசி மகத்தன்று மக்கள் அதற்குச் சாத்தும் காகிதப்பூ மாலைகள் கழுத்திலிருந்து தரைவரை தொங்கும். அங்கே சாமியின் பெயரே பெருங்காரையடி மீண்ட அய்யனார். காரை மரத்தடி சாமியின் பெயருக்குள்ளேயே இருப்பதைக் கவனியுங்கள். இடத்தைப் பிரித்துவிட்டால் பெயரும் பாதியாகிவிடும்.

இத்தாலி நாட்டில் 1986இல் தொடங்கி, செல்லா பள்ளத்தாக்கின் காட்டுக்குள் கலைஞர்கள் கிளையாலும் கல்லாலும் சிற்பங்கள் செய்கிறார்கள். 'ஆர்டே செல்லா' என்று பெயர். 2001இல் ஜூலியானோ மௌரி என்பவர் கிளைகளைப் பின்னி 80 தூண்கள் நிறுத்தி, ஒவ்வொன்றின் உள்ளும் ஒரு கன்று நட்டார். கன்று மரமாகும்போது தூண் மக்கிப்போக வேண்டும் என்பதே ஏற்பாடு. உலகம் அதை வியந்து பார்க்கிறது, வியக்கட்டும். நம் வேளார்களும் உடைந்த குதிரையை ஒட்டவைப்பதில்லை, அப்புறப்படுத்துவதும் இல்லை. மழையில் சிதைந்து, வேர் ஏறி, அது காட்டோடு சேர்ந்துவிடும். பக்கத்திலேயே புதியது வரும். ஆனால் அவர்களைக் கலைஞர் என்று சொல்ல நமக்கு நாக்குக் கூசுகிறது. 'சட்டி பானை செய்கிறவர்' என்று ஒதுக்கிவிடுகிறோம்.

இன்று அங்கேயும் சிமெண்டுக் குதிரைகள் பெருகிவிட்டன. பளபளவென்று வர்ணம், பல ஆண்டு உழைக்கும் என்கிறார்கள். உழைக்கட்டும். எனக்கு வருத்தம் குதிரையைப் பற்றியல்ல, மரத்தைப் பற்றி. சிமெண்டு வந்த பின்னே தரைக்கு ஓடு பதிக்க வேண்டும், கூரை வேண்டும் என்பார்கள். அப்போது வேர் இடைஞ்சலாகிவிடும். நம் தோட்டங்களில் மட்டும் என்ன? கோயிலைப் பெரிதாக்குகிறோம் என்று சொல்லி, கோயிலுக்குக் காரணமான மரத்தையே வெட்டிய கதை உங்களுக்கும் ஒன்றிரண்டு தெரிந்திருக்குமே!

தோட்டம் கைமாறி வீடமைப்பு வரும்போது இன்னொரு சோதனை. மாற்று நிலம் தருகிறோம், சாமியை எடுத்துக்கொண்டு போங்கள் என்பார்கள். சிலையை லாரியில் ஏற்றலாம். மரத்தடியை எப்படி ஏற்றுவது? அந்தப் பேச்சு வருவதற்கு முன்பே சில காரியங்கள் செய்து வையுங்கள். அது என்ன மரம், கல் எங்கிருந்து வந்தது, முதல் விளக்கை ஏற்றியவர் யார் என்று லயத்துப் பெரியவர்களைக் கேட்டுப் பிள்ளைகள் ஒரு நோட்டில் எழுதட்டும். மரத்தோடு சேர்த்துப் படமும் எடுங்கள். போய்த்தான் ஆகவேண்டும் என்றால், முன்னோர் செய்ததுபோல அங்கிருந்து பிடிமண் எடுத்துப் போகலாம். மரம் ஆலாக இருந்தால் கைப்பருமனில் ஒரு போத்து வெட்டி நடுங்கள், துளிர்த்துவிடும். ஆண்டுக் கடைசி மழைக்கு முன்னால் நடுவது நல்லது.