சோதனைக்கு வந்த கார்

1961 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் பிரிட்டிஷ் ஜாகுவார் கம்பெனி ‘இ-டைப்’ காரை இறக்கியது. ‘ஆட்டோகார்’ பத்திரிகை அதன் கூபே ரகத்தை ஓட்டிப் பார்த்து, மணிக்கு 150 மைல் என்று எழுதிற்று. காசு கொடுத்து வாங்கியவர்களின் வண்டிகள் பொதுவாக அந்த வேகத்தை எட்டவில்லை. சோதனைக்குப் போன வண்டி, கம்பெனியே தனிக் கவனத்துடன் தயார் செய்து கொடுத்தது! கார்ப் பிரியர்கள் இன்றும் இதை வைத்து வாதாடுகிறார்கள். நமக்கோ இதில் அதிசயமில்லை. இன்ஸ்பெக்டர் வருகிற நாளில் மட்டும் கூட்டிப் பெருக்கும் மில்லை நாம் பார்க்காதவர்களா?

முதலாளி இரவல் தந்த வண்டியில் ஏறி எழுதுவது விமர்சனமா, விளம்பரமா என்று கேட்கிறோம். கவென்ட்ரி நகரின் பிரவுன்ஸ் லேன் ஆலையில் அதைச் செய்த தொழிலாளிகளின் கூலியையும் வேலைப் பளுவையும் எந்தச் சோதனை ஓட்டம் அளந்தது? அந்த வேலையும் நிலைக்கவில்லை. 2005ல், ஜாகுவாரின் அன்றைய உடைமையாளரான அமெரிக்க போர்டு கம்பெனி அங்கே கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது.