தாத்தாவின் துப்பாக்கியைக் குடையாதீர்கள்!

துப்பாக்கியில் தோட்டா வெடிக்க வேண்டும். குழலே வெடிக்கலாமா?

வெடிப்பதுண்டு. அப்படி வெடித்தால், பெரும்பாலும் போவது சுடுகிறவரின் விரல்கள். குழலைத் தாங்கிப் பிடித்திருப்பது அந்தக் கைதானே!

இங்கிலாந்தில் தாத்தா காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கிகள் ஏராளம். 100 வயதைத் தாண்டியவைகூட இன்றும் பறவை வேட்டைக்குப் போகின்றன. தாத்தா சுட்டார். அப்பா சுட்டார். இப்போது பேரன் கையில் இருக்கிறது.

பேரனுக்கு ஓர் ஆசை. பழைய தோட்டாவின் நீளம் இரண்டரை அங்குலம். புதியது இரண்டே முக்கால் அங்குலம். "தோட்டா அறையைக் கொஞ்சம் நீளமாகக் குடைந்துவிட்டால் என்ன?" என்கிறான். குழலுக்குள் துருப்பிடித்த குழிகள் தெரிகின்றன. "தேய்த்துப் பளபளப்பாக்கினால் என்ன?" என்கிறான்.

இரும்பு குறையும். அதுதான் ஆகும்.

நம் வீட்டுக் குக்கரை நினைத்துப் பாருங்கள். 'வெயிட்' தூக்கும்போது உள்ளே சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ அழுத்தம். அதற்கே நாம் எட்டி நிற்கிறோம். 12 போர் துப்பாக்கியில் தோட்டா வெடிக்கும்போது அது 600, 700 கிலோ வரை போகும்! கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் அந்த நேரத்தில் குழல் தாங்கியாக வேண்டும்.

இந்த அழுத்தம் தோட்டா அறையில்தான் மிக அதிகம். முன்னால் போகப் போகக் குறையும். அதனால்தான் குழலின் சுவர் அடியில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கிறது. அறையை நீட்டிக் குடைகிறவன், அழுத்தம் இன்னும் தணியாத இடத்தில் இரும்பைச் சுரண்டுகிறான்.

மெலிந்த இடத்தில் சுவர் எவ்வளவு கனம் இருக்க வேண்டும்? அங்குலத்தை 1,000 பங்காக்கினால் அதில் 20 பங்காவது வேண்டும் என்பது அந்நாட்டுத் துப்பாக்கித் தொழிலாளர்களின் கணக்கு. அதாவது அரை மில்லிமீட்டர். 5 காகிதத் தாள்களை அடுக்கிய கனம்!

அவ்வளவுதானா என்று தோன்றும். நல்ல எஃகு, சரியான தோட்டா, அடைப்பில்லாத குழல் என்றால் அது போதும். அடைப்பு இருந்தால் தடித்த குழலும் பிளந்துவிடும். சிறிய 20 போர் தோட்டாவைத் தவறிப் போட்டால், அது குழலுக்குள் நழுவிச் சிக்கிக்கொள்ளும். அறை காலியாகத் தெரியும். பின்னால் 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் தீர்ந்தது கதை. இதற்காகவே அமெரிக்காவில் 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுத்திருக்கிறார்கள்.

சட்டத்தில் ஓர் ஓட்டை

லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637-ல் அரச சாசனம் கிடைத்தது. பர்மிங்காமில் 1813-ல் சட்டப்படி ஒரு சோதனைச் சாலை ஏற்பட்டது. அங்கே வழக்கத்தைவிடப் பலமான தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்ப்பார்கள். தாங்கினால் முத்திரை. முத்திரை இல்லாததை விற்றால் குற்றம். துளை அளவுக்கு மீறிப் பெருத்துவிட்டாலும், அறையை நீட்டினாலும், பழைய முத்திரை செல்லாது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் முத்திரை சொல்வது துளையின் அளவை. சுவரின் கனத்தை அல்ல. இவ்வளவு கனம் இருக்க வேண்டும் என்று சட்டமும் சொல்லவில்லை!

குழலை வெளிப்புறத்தில் அரம் போட்டுத் தேய்த்தால் துளை மாறுமா? மாறாது. முத்திரை அப்படியே இருக்கும். சுவர் மட்டும் மெலிந்திருக்கும். துளை நடுவில் இல்லாமல் சற்று ஒதுங்கியிருந்தால், ஒரு பக்கம் தடிப்பு, மறுபக்கம் மெலிவு. வெளியே பார்த்தால் அழகான துப்பாக்கி!

ஆகவே, துப்பாக்கியை விற்கிறவரும் திருத்துகிறவரும் ஒவ்வொரு குழலின் மிக மெலிந்த இடத்து அளவையும் ரசீதில் எழுதியே தீர வேண்டும் என்பது என் கட்சி. அதை அளக்கத் தனிக் கருவி இருக்கிறது. ஏலம் போடும் நல்ல நிறுவனங்கள் இப்போதே பட்டியலில் அச்சிடுகின்றன. மற்றவர்களுக்கு என்ன தடை? "பழைய துப்பாக்கியின் விலை விழுந்துவிடும்" என்பார்கள். விழட்டுமே! மெலிந்த குழலுக்கு அந்த விலை எதற்கு?

பேரனுக்கும் வழி இருக்கிறது. இரண்டரை அங்குலத் தோட்டாவை இங்கிலாந்தில் இன்றும் செய்கிறார்கள். அதை வாங்கிச் சுடலாம். குழல் தேய்ந்தே போயிருந்தால், அடியில் சில அங்குலம் விட்டு வெட்டிவிட்டுப் புதுக் குழாய் பொருத்துவார்கள். பிறகு சோதனைச் சாலைக்கு அனுப்பி மறுபடி முத்திரை வாங்க வேண்டும். செலவு கொஞ்சம் ஆகத்தான் செய்யும்.