தோசை வட்டம் என்பதோடு கணக்கு முடியலாமா?

வட்டத்துக்குத் தோசை, கோளத்துக்குச் சீடை, உருளைக்குக் குழாய்ப்புட்டு, கனச்செவ்வகத்துக்கு மைசூர்பாகு என்று பலகாரங்களைக் காட்டி வடிவியல் சொல்லிக்கொடுக்கும் யோசனைக்கு இன்று பல நாடுகளில் ஆதரவு இருக்கிறது. ஒவ்வொரு சமூகத்தின் அன்றாட வாழ்விலும் கணிதம் புழங்குகிறது என்று வாதிட்டு, ‘இனக்கணிதம்’ என்ற துறைக்கு அடித்தளமிட்டவர் பிரேசில் அறிஞர் உபிரட்டான் டி’அம்ப்ரோசியோ. இந்தோனேசியாவில் மரபு உணவுகளின் வடிவங்களை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆய்வுகள் பல வந்திருக்கின்றன. கேரள எல்லையோரம் கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கும் கூடலூரின் பிள்ளைகளுக்குப் பணியாரமும் பழக்கம், குழாய்ப்புட்டும் பழக்கம். ஆகவே, இந்தப் பள்ளத்தாக்கின் பள்ளிகளுக்கும் இது கைக்கெட்டும் வழிதான். ஆனால், தோசையைக் காட்டி ‘வட்டம்’ என்று சொல்லவைப்பதோடு பாடம் நின்றுவிட்டால், பிள்ளை கற்றது ஒரு பெயரை மட்டுமே. ‘ஏன் இப்படி? எவ்வளவு?’ என்று கேட்கத் தொடங்கும்போதுதான் பலகாரம் கணக்காகிறது.

ஏழு குழிப் பணியாரக்கல்லை எடுத்துக்கொள்வோம். நடுவில் ஒரு குழி, சுற்றிலும் ஆறு. ஏன் ஐந்தோ எட்டோ இல்லை? ஒரே அளவுள்ள நாணயங்களில் ஒன்றை நடுவில் வைத்து, அதைத் தொடும்படி மற்றவற்றை அடுக்கினால் சரியாக ஆறுதான் பிடிக்கும். அடுத்தடுத்த இரண்டின் மையங்களை நடு மையத்தோடு இணைத்தால் சமபக்க முக்கோணம்; அதன் கோணம் 60 பாகை; ஆறு சேர்ந்தால் 360. மனப்பாடம் செய்த விதிக்குக் காரணம் இங்கே கண்முன் நிற்கிறது. இனி முறுக்கு. 8 செ.மீ. விட்டமும் 1 செ.மீ. தடிமனும் கொண்ட, இடைவெளியில்லாமல் சுற்றிய முறுக்கின் மேல் நூலைப் பதித்து, பிறகு நீட்டி அளந்தால் ஏறத்தாழ அரை மீட்டர் வரும். 1 செ.மீ. அகலத்தால் பெருக்கினால் பரப்பு சுமார் 50 சதுர செ.மீ. வட்டத்தின் பரப்பளவுச் சூத்திரம் தருவதும் சுமார் 50 சதுர செ.மீ. சுருண்டு கிடந்த பரப்பு நீண்ட பட்டையாக மாறியபோதும் அளவு மாறவில்லை என்பதைப் பிள்ளை தன் கையாலேயே உறுதிசெய்கிறது. தோசையின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால், அதே கனத்துக்கு மாவு நான்கு மடங்கு வேண்டும். லட்டின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எட்டு மடங்கு. இரண்டு மடங்கு என்று நினைத்த பிள்ளைக்கு இந்த வேறுபாடு எளிதில் மறக்காது.

கையால் சுற்றிய முறுக்கு சரியான வட்டமில்லையே, தவறான வடிவத்தைக் காட்டலாமா என்று சிலர் கேட்பார்கள். கரும்பலகையில் வரையும் வட்டமும் சரியான வட்டமில்லை. நிஜப் பொருள் எங்கே இலக்கணத்திலிருந்து விலகுகிறது, எவ்வளவு விலகினால் கணக்குக்குப் பாதகமில்லை என்று பேசுவது தோராயத்தைக் கற்பிக்கும் நல்ல வழி. நம் மரபும் இதை அறிந்ததுதான். பலாப்பழத்தை அறுக்காமலே, காம்பைச் சுற்றியுள்ள முள்ளை எண்ணிச் சுளையைக் கணக்கிடும் வழியைக் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ சொல்கிறது. அந்த வழி எல்லாப் பழத்துக்கும் பொருந்துமா என்று சோதித்துப் பார்ப்பதே வகுப்புக்கு நல்ல பயிற்சி.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஆய்வுகளிலிருந்து வருகிறது. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் வியாபாரம் செய்த சிறுவர்கள், விற்கும்போது கேட்ட கணக்குகளில் 98 சதவீதத்தைச் சரியாகச் செய்தார்கள். அதே கணக்குகளை வெறும் எண்களாக எழுத்தில் கொடுத்தபோது 37 சதவீதம்தான் சரி. இது 1985இல் வெளிவந்த ஆய்வு. கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் நடத்திய ஆய்வும் 2025இல் ‘நேச்சர்’ இதழில் இதையே உறுதிசெய்தது. பள்ளிப் பிள்ளைகளுக்குச் சந்தைக் கணக்கு வரவில்லை என்பதையும் சேர்த்துக் காட்டியது. வாழ்க்கைக் கணக்கும் ஏட்டுக் கணக்கும் தாமாக ஒன்றையொன்று சந்திப்பதில்லை. எனவே, பலகாரத்தைக் காட்டினாலே கணிதம் வந்துவிடும் என்று நம்புவது தவறு. அளந்ததைப் படமாக வரைந்து, படத்தைச் சூத்திரமாக்கி, அந்தச் சூத்திரத்தை வேறொரு பொருளில் பொருத்திப் பார்க்கும்வரை ஆசிரியர் கூடவே வரவேண்டும். பிள்ளையின் சிந்தனையையே கணிதமயமாக்குவதுதான் முதன்மை நோக்கம் என்று 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு சொன்னதும் இதைத்தான்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கூடலூரிலிருந்து இடுக்கி மலையின் ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்பில் கூலிக்குப் போகும் தாய்மார்கள் விடியுமுன் கிளம்புகிறவர்கள். ‘நாளைக்கு வீட்டிலிருந்து அதிரசம் கொண்டுவா’ என்று சொல்வது அந்தப் பிள்ளையைக் கூனிக்குறுக வைக்கும். பணியாரக்கல்லும் முறுக்கு அச்சும் பள்ளியிலேயே இருக்கட்டும். மாவுக்குப் பதில் களிமண் போதும். வாரம் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கட்டும். செலவு சொற்பம். வடிவத்தின் பெயரைச் சொன்ன பிள்ளையிடம் ‘ஏன்?’ என்று அடுத்த கேள்வியைக் கேட்க ஆசிரியருக்கு நேரமும் பயிற்சியும் கொடுப்பதுதான் கல்வித்துறை செய்யவேண்டிய வேலை.