கூட்டைத் திறந்தால் போதுமா?



கல்முனையில் ஓர் ஒழுங்கையின் முடிவிலே, பூட்டிக்கிடந்த வீடொன்றின் பின்விறாந்தையில் கிளிக்கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டார் வெளிநாடு சென்றுவிட்டனர். அயலவர் ஒருவர் நாளுக்கொரு தடவை சோறும் மிளகாய்ப்பழமும் இட்டு வந்தார். அவரும் ஊர் மாறிச் சென்ற பின்னர், எவரோ அக்கூட்டைக் கொணர்ந்து எமது பங்குமனை வாசலில் வைத்துவிட்டுப் போயினர்.

கிளியின் நெஞ்சிலே இறகில்லை, தோல் தெரிந்தது. தன் இறகைத் தானே பிடுங்கியிருந்தது. அலகு அளவுக்கு மீறி நீண்டு வளைந்து, உணவைப் பற்றவே இடர்ப்பட்டது. ஆண்டுக்கணக்காக ஒரே கம்பியில் நின்றமையால் பாதங்களிற் புண். கழுத்திலே கருவளையம் இருந்தபடியால் அது ஆண்கிளி என்பதும், இரண்டு மூன்று வயதைக் கடந்தது என்பதும் தெளிவாயிற்று.

எனக்கு முதலில் தோன்றியது கதவைத் திறந்துவிடுவதே. சிறைப்பட்டோர் விடுதலையைப் பற்றிப் பிரசங்கித்துப் பழகிய எனக்கு வேறெது தோன்றும்? கதவில் கை வைத்தபோது, அயலில் வாழும் ஓய்வுபெற்ற ஆசிரியரான இஸ்லாமியப் பெரியவர் என்னைத் தடுத்தார். “பாதர், இதுக்குப் பறக்கத் தெரியாது. விட்டீங்களென்டா மதிலுக்கு அங்கால காகம் கொத்திப் போடும். முதல்ல இதக் கிளியாக்குங்க, பிறகு விடுறதப் பத்திக் கதைப்பம்” என்றார்.

அவர் சொன்னது முற்றிலும் உண்மை. கூட்டிலே வளர்ந்த கிளியின் பறக்குந் தசைகள் நலிந்துவிடுகின்றன. இரைதேடவும், பருந்துக்கும் பூனைக்கும் அஞ்சி ஒதுங்கவும் அதற்குக் கற்றுக்கொடுத்த தாய்ப்பறவை இல்லை. அத்தகைய கிளியை வானத்தில் எறிவது நமது மனச்சாட்சியின் பாரத்தை இறக்கிவைக்குமேயன்றி, கிளிக்கு வாழ்வளிக்காது.

ஆகவே வேலை தொடங்கியது. கால்நடை வைத்தியர் அலகைச் சீர்செய்தார். உணவை ஒரே நாளில் மாற்ற வேண்டாமென எச்சரித்தார். பழகாத உணவைத் தொடாமலே கிளி பட்டினி கிடந்து இறந்துவிடக்கூடுமாம். சோற்றோடு ஊறவைத்த பயறு, பின்னர் அவித்த கௌபி, கொய்யா, பப்பாசி, முருங்கையிலை எனச் சிறுகச் சிறுக மாற்றினோம். பழைய கூட்டின் கம்பியில் நாகப்பூச்சு கழன்றிருந்தது. கிளி கம்பியைக் கடிக்கும் இயல்புடையது. அந்த நாகம் உடலிற் சேர்ந்தால் நஞ்சாகும். அக்கூட்டை எறிந்துவிட்டு, சிறகை விரிக்க இடமுள்ள பெரிய கூடொன்றைச் செய்வித்து, பருமன் வேறுபட்ட கொய்யாக் கிளைகளை உள்ளே பொருத்தினோம். பாதப் புண் ஆறியது. இரவிலே அதற்குப் பத்துப் பன்னிரண்டு மணிநேர இருளும் அமைதியும் தேவை என்று அறிந்ததும், எமது தொலைக்காட்சி வேறு அறைக்குப் போயிற்று. (அதனால் எமக்கும் நன்மையே.) மாதங்கள் கழிந்து இறகுகள் முளைத்தன. நெஞ்சில் ஓரிடம் மட்டும் வெறுமையாகவே இருக்கிறது. திரும்பத் திரும்பப் பிடுங்கப்பட்ட இடத்தில் இறகின் வேர் அழிந்துவிடுமாம்.

கிளி கூட்டமாக வாழும் பறவை. தனித்து விடப்பட்டால் அதன் தவிப்புத் தன்னுடம்பின் மீதே திரும்புகிறது. முன்னைய வீட்டார் கொடியவரல்லர். பிள்ளை ஆசைப்பட்டது, வாங்கினார்கள். அது பேசியது, மகிழ்ந்தார்கள். பிறகு பிள்ளை வளர்ந்துவிட்டது. நன்கு பேணப்படும் பச்சைக்கிளி 20 முதல் 30 ஆண்டுகள்வரை வாழும் என்பதைக் குஞ்சு விற்பவன் சொல்வதில்லை. அக்குஞ்சும் பட்டுப்போன தென்னை, பனைப் பொந்துகளிலிருந்து இறகு முளைக்குமுன் திருடப்பட்டதே. வேளாண்மை வெட்டுக் காலத்தில் கதிரை அழிக்கும் கிளிகளைக் கமக்காரர் சபிப்பது வேறு வழக்கு; அதற்காகக் குஞ்சுகளைக் கூட்டிலடைப்பது நியாயமாகாது.

மிருகவதையைத் தடுக்க இந்நாட்டிலே 1907ஆம் ஆண்டிலேயே ஒரு கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. அது விதித்த தண்டம் 100 ரூபா வரையே. பின்விறாந்தையில் தொங்கும் கூட்டை எந்தச் சட்டம் வந்து எட்டிப்பார்க்கும்?

மத்தேயு நற்செய்தியில் ஒரு காசுக்கு இரண்டு குருவிகள். லூக்காவிலோ இரண்டு காசுக்கு ஐந்து. அப்படியாயின் ஐந்தாவது குருவிக்கு விலையே இல்லை; கொசுறாகக் கொடுக்கப்பட்டது. அதையும் இறைவன் மறப்பதில்லை என்கிறார் இயேசு. இதை நான் மாஸ்டரிடம் சொன்னபோது, அவர் தமது மரபிலிருந்து ஒன்றைக் கூறினார். பயணமொன்றில் தோழர்கள் குஞ்சுகளை எடுத்துவிட, தாய்க்குருவி சிறகடித்துத் தவித்ததாம். நபிகள் நாயகம் (ஸல்) அதைக் கண்டு குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி பணித்தார்களாம். இரு முற்றங்களுக்கும் இடையில் ஒரு மதில்தான் இருக்கிறது.

கிளியை நேசிக்கக் கூடு எதற்கு? 2004 டிசம்பர் 26இல் எமது கரையைச் சூறையாடிய அதே கடல் சென்னையையும் தாக்கியது. அதன் பின்னர், அங்கே இராயப்பேட்டையில் கமெரா திருத்தும் தொழில் செய்த ஜோசப் சேகர் என்பவரின் மொட்டைமாடிக்கு இரண்டு கிளிகள் அரிசி தின்ன வந்தன. அவர் நாள்தோறும் ஊறவைத்த அரிசியைப் பரப்பி வைத்தார். இரண்டு, ஆயிரங்களாயின. உண்டபின் அவை பறந்து போய்விடும். மறுநாள் தாமாகவே வரும்.

எமது கிளி இப்பொழுது அறைக்குள்ளே ஒரு சுவரிலிருந்து மறுசுவர்வரை பறக்கிறது, இறங்கத்தான் தடுமாறுகிறது. அது என்றாவது வெளியே வாழுமா என்பதை என்னால் உறுதியாகக் கூற முடியாது. குருவானவருக்கு இடமாற்றம் வருவது வழமை. மாஸ்டருக்கோ எழுபது வயது கடந்துவிட்டது. கிளிக்கு இன்னும் இருபது ஆண்டுகள் இருக்கலாம்.

மாஸ்டரின் பத்து வயதுப் பேத்திதான் மாலையில் வந்து பழைய கிளைகளை மாற்றுபவள். “பாதர் போனா கிளிய நான் பாப்பன்” என்றாள். வாக்குக் கொடுக்குமுன் தெரிந்திருக்கட்டுமென்று கிளியின் ஆயுளைச் சொன்னேன். விரல்மடித்துக் கணக்கிட்டாள்.

“அப்ப எனக்கு முப்பது வயசாகிரும்” என்றாள். சற்றே யோசித்தாள். பிறகு தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனாள்.