சிலுவையைப் பார்க்கும் நாம் நேரசூசியைப் பார்ப்பதில்லை



சாதாரண தரப் பெறுபேறு வந்ததிலிருந்து தலவாக்கலை வட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சு. எங்கள் ஊர்ப் பிள்ளையொருத்தி 9 ஏ எடுத்திருக்கிறாள். டாக்டராக வேண்டும் என்கிறாள். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு படிக்க அவளை வெளி மாவட்டத்தில் உள்ள ஒரு கிறிஸ்தவத் தனியார் கல்லூரியில், விடுதியோடு சேர்க்கலாமா என்று பெற்றோர் யோசிக்கிறார்கள். இன்னும் சேர்க்கவுமில்லை, யோசிக்கிறார்கள். அதற்குள் "ஈமானை விற்றுப் படிப்பு வாங்கப் போகிறார்கள்" என்று ஒரு குரல் பதிவு, "பெண்பிள்ளையைச் சிலுவைக்குக் கீழே தூங்கவைப்பதா" என்று இன்னொன்று. பெயர் சொல்லவில்லையாம், அதனால் யாரையும் புண்படுத்தவில்லையாம். நூறு கடை இல்லாத டவுனில் பெயர் வேறு சொல்ல வேண்டுமா?

நாங்கள் இங்கே கற்பிக்கிறவர்கள். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து, இந்தப் பிரதேசத்துப் பிள்ளைகளோடே காலத்தைக் கழிக்கிறவர்கள். கேட்க வேண்டிய கேள்வியை விட்டுவிட்டுக் கேட்கக்கூடாத கேள்வியை ஊரே கேட்கும்போது சும்மா இருப்பது எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் அந்த ஈமான் விடயம்.

பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம் பணயத் தொகைக்குப் பதிலாகக் கேட்கப்பட்டது என்ன? மதீனத்துப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடு, பிறகு போகலாம் என்பதுதான். மதரஸாவில் ஓதிய எல்லோருக்கும் தெரிந்த சீறா இது. முந்தாநாள் வாளெடுத்து வந்தவன் ஆசிரியனாக இருக்கலாம். இரசாயனவியல் படிப்பிக்கும் ஒரு கன்னியாஸ்திரியோ வேதக்கார டீச்சரோ இருக்கக்கூடாதா? பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். அவருடைய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருந்த முஸ்லிம் வைத்தியர்கள் யாரும் மதம் மாறிப்போனதாக வரலாறு இல்லை.

இமாம் கஸ்ஸாலியின் இஹ்யாவில், இல்முடைய பாடத்தில், மருத்துவம் பர்ளு கிஃபாயா என்று வருகிறது. அதாவது ஊரில் ஒருவராவது செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. அவர் அதோடு விடவில்லை. எத்தனையோ ஊர்களில் முஸ்லிமல்லாதவர்களைத் தவிர வைத்தியர் இல்லை, ஆனால் மார்க்கச் சட்டத் தர்க்கத்துக்கு மட்டும் எல்லோரும் முண்டியடிக்கிறார்கள் என்று கோபப்படுகிறார். தொள்ளாயிரம் வருடத்துக்கு முந்திய கோபம். எங்கள் வட்ஸ்அப் குழுவைப் பார்த்துவிட்டு எழுதியது போலிருக்கிறது.

சரி, பெண்பிள்ளை என்பதால்தான் கவலை என்கிறீர்கள். அந்தக் கவலையோடு நேர்மையாகப் பேசுவோம். உங்கள் மனைவிக்கு, மகளுக்குப் பிரசவம் என்றால் ஆஸ்பத்திரி வாசலில் முதலில் என்ன கேட்கிறீர்கள்? "லேடி டொக்டர் இருக்கிறாரா?" அந்த லேடி டொக்டர் எங்கிருந்து வருவார்? யாரோ ஒருவருடைய மகள் விடுதியில் தங்கி, இரவு இரண்டு மணிவரை சேதன இரசாயனம் படித்தால்தான் வருவார். அது யாரோ ஒருவருடைய மகளாக இருக்கட்டும், நம்முடையவளாக வேண்டாம் என்பதுதான் உங்கள் நிலைப்பாடா?

இந்த இடத்தில் வேலூரின் கதையைச் சொல்லத்தான் வேண்டும். 1890களில் தமிழ்நாட்டுத் திண்டிவனத்தில் ஜோன் ஸ்கடர் என்ற மிஷன் வைத்தியரின் வீட்டுக் கதவை ஒரே இரவில் மூன்று பேர் தட்டினார்கள். மூவருடைய மனைவிமாருக்கும் பிரசவக் கஷ்டம். ஆண் வைத்தியர் பார்க்கக்கூடாது, உங்கள் மகள் வரட்டும் என்றார்கள். மகள் ஐடாவோ அப்போது மருத்துவம் படிக்காத இளம்பெண். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். வந்த மூவரில் ஒருவர் முஸ்லிம். அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை அமெரிக்காவுக்குப் போய் மருத்துவம் படித்துவரச் செய்தது. 1918 இல் வேலூரில் அவர் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்று நோய் முற்றினால் எங்கள் ஊர்க்காரர்களும் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டு ஓடும் சீ.எம்.சி. அதுதான். அங்கே கட்டிலில் படுக்கும்போது யாரும் சுவரில் சிலுவை இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. நோயாளியாகப் போகலாம், மாணவியாகத்தான் போகக்கூடாது போலும்.

"சித்திலெப்பை மிஷனரிமாருக்கு எதிராகத்தானே நின்றார்?" என்று ஒரு சகோதரர் கேட்டிருந்தார். நல்ல கேள்வி. அவர் காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷன்களின் கையில் இருந்தது. பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம் அன்று வெறும் கற்பனை அல்ல. ஆனால் கண்டியில் சட்டத்தரணியாக இருந்த அந்த மனிதர் "போகாதே" என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கவில்லை. 1882 இல் முஸ்லிம் நேசன் பத்திரிகை தொடங்கினார், ஊர் ஊராகப் போய்ப் பாடசாலை வைத்தார், 1892 இல் கொழும்பு ஸாஹிராவுக்கு அடித்தளமிட்டவர்களில் ஒருவரானார். போகாதே என்று சொல்லும் உரிமையை அவர் கட்டி எழுப்பிச் சம்பாதித்தார். இன்று குரல் பதிவு போடுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் ஓர் அளவி, ஒரு குழாயி வாங்கிக் கொடுத்திருக்கிறார்களா?

அந்த ஸாஹிராவை 1921 முதல் 1948 வரை தூக்கி நிறுத்திய அதிபர் ரீ.பி. ஜாயா படித்தது எங்கே? கண்டி புனித பவுல் பாடசாலையிலும் கொழும்பு புனித தோமையார் கல்லூரியிலும். இரண்டும் அங்கிலிக்கன் திருச்சபையுடையவை. அவருக்குப் பிறகு 1961 வரை அதிபராக இருந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி மாணவர். இலங்கை முஸ்லிம் கல்வியின் இரு தூண்கள் என்று மேடைதோறும் சொல்கிறோமே, அந்தத் தூண்கள் எங்கே செதுக்கப்பட்டன என்பதை மட்டும் சொல்வதில்லை. (அப்துல் கலாமும் திருச்சி புனித வளனார் கல்லூரி விடுதியில் இருந்து படித்தவர்தான். ஆனால் அவருடைய தொழுகையைப் பற்றி நம்மில் சிலருக்குத் தனி அபிப்பிராயம் இருப்பதால் அவரை இழுக்கவில்லை.)

இன்னொன்று. உயர்தரத்தில் சமயம் கட்டாய பாடமே அல்ல. உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், அதற்கு மேல் பொது ஆங்கிலம், பொது அறிவுப் பரீட்சை. பைபிள் அந்த நேரசூசியில் எங்கே வருகிறது? காலைக் கூட்டத்தில் கீதம் பாடினால் பிள்ளை மௌனமாக நிற்கும். அரசாங்கப் பாடசாலைகளில் தேவாரத்துக்கும் பிரித்துக்கும் நம் பிள்ளைகள் எத்தனை காலமாக அப்படி மரியாதையாக நிற்கிறார்கள்! உடை விடயம் உண்மையான பிரச்சினைதான், மறுக்கவில்லை. ஆனால் 2018 இல் ஆசிரியைகளின் அபாயாவை வைத்துத் திருகோணமலையில் கிளம்பிய பிரச்சினையை மறந்துவிட்டீர்களா? அது கிறிஸ்தவப் பாடசாலையும் அல்ல, தனியார் பாடசாலையும் அல்ல. ஆகவே பர்தா, தொழ ஓர் இடம், நோன்பு காலத்தில் ஸஹர் சாப்பாடு, ஹலால் சமையல் ஆகிய நான்கையும் நேர்முகத்துக்குப் போகும் நாளிலேயே அதிபரிடம் கேளுங்கள். முடியாது என்றால் அன்றைக்கே திரும்பி வாருங்கள். வாசலைப் பார்த்துவிட்டு உள்ளே போகாமலே தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

இதுவரை ஊரைப் பேசினோம். இனிப் பெற்றோரே, உங்களோடு. கோபிக்க வேண்டாம்.

"பெரிய கல்லூரி, நூறு வருடம் பழசு, டையும் ப்ளேஸரும், இங்கிலீஷ் தானாக வரும்." நீங்கள் சொன்ன காரணங்கள் இவ்வளவுதான். சிலுவையைப் பார்த்துப் பயந்தவரும் ப்ளேஸரைப் பார்த்து மயங்கியவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: வெளியே தெரிவதைப் பார்க்கிறார்கள். தமிழ்மொழி மூலம் உயிரியல் பிரிவு அங்கே நடக்கிறதா? பெயர் பெற்ற பல தனியார் கல்லூரிகளில் அது சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ மட்டும்தான். பதினொரு வருடம் தமிழில் படித்த பிள்ளையை ஒரே இரவில் ஆங்கில மூலத்துக்கு மாற்றினால், முதல் தவணை முழுவதும் அவள் கலத்தைப் படிக்கமாட்டாள், கலத்துக்கு ஆங்கிலத்தில் என்ன என்று படித்துக்கொண்டிருப்பாள். மருத்துவ பீடத்தில் எல்லாம் ஆங்கிலம்தான், உண்மை. அதற்காக இன்றே மாற வேண்டியதில்லை. தமிழில் உயர்தரம் எழுதிவிட்டுப் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் போன டாக்டர்கள் நம் ஆஸ்பத்திரிகளில் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் சாமுவேல் கிரீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் மருத்துவ நூல்களைத் தமிழாக்கித் தமிழிலேயே படிப்பித்திருக்கிறார். கிறிஸ்தவ மிஷனே தமிழை நம்பியது.

பிறகு மூன்று பாடத்துக்கும் நிரந்தர ஆசிரியர் இருக்கிறாரா? ஆய்வுகூடம் பூட்டித் தூசி படிந்திருக்கிறதா, பிள்ளைகள் கை படுகிறதா? போன வருடம் தமிழ் மூலத்தில் எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் மருத்துவத்துக்கு எடுபட்டார்கள்? கல்லூரியின் மொத்தக் கணக்கைக் காட்டினால் ஏமாறாதீர்கள், தமிழ் மூலக் கணக்கைக் கேளுங்கள். கடைசியில் விடுதிப் பிள்ளையும் சனி ஞாயிறு ரியூசனுக்குத்தான் ஓடுகிறாள் என்றால், கல்லூரிக்கு ஒரு கட்டணம், ரியூட்டரிக்கு ஒரு கட்டணம். அந்தக் கணக்கையும் போட்டுப் பாருங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய விடயத்தை யாருமே பேசவில்லை: மாவட்டம். மருத்துவ அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டக் கோட்டா, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. நுவரெலியா அந்த 16 இல் ஒன்று. பிள்ளை எந்த மாவட்டக்காரி என்பதை அடையாள அட்டை முகவரியை வைத்துத் தீர்மானிப்பதில்லை. பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தாள் என்று பார்க்கிறார்கள். கண்டிக்கோ கொழும்புக்கோ அனுப்பினால் உங்கள் மகள் அந்த மாவட்டத்து வெட்டுப்புள்ளியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். நமது வெட்டுப்புள்ளிக்கும் அவற்றுக்கும் இடையில் எவ்வளவு தூரம் என்பது இஸட் புள்ளிப் பட்டியலை ஒருமுறை விரித்தால் தெரியும். வெளி மாவட்டப் பிள்ளைகள் இங்கே வந்து பதிந்து நம் இடங்களை எடுக்கிறார்கள் என்ற முறைப்பாட்டைக் கேட்காதவர் மலையகத்தில் உண்டா? அவர்கள் தேடி வரும் இடத்தை விட்டு நாம் காசு கட்டி வெளியே போகிறோம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வாங்கி அந்தப் பகுதியை வரிவரியாக வாசித்த பிறகு முடிவெடுங்கள்.

அப்படியென்றால் இங்கேயே படிக்கட்டும் என்கிறோமா? அப்படியும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லமுடியாது. அட்டனிலும் நுவரெலியாவிலும் உயிரியல் பிரிவு நடத்தி மருத்துவ பீடத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் அரச பாடசாலைகள் இருக்கின்றன. அவற்றை முதலில் போய்ப் பாருங்கள். நுவரெலியாவில் பரிசுத்த திரித்துவம் என்றும் அட்டனில் புனித கபிரியேல் என்றும் பெயர் இருப்பதைப் பார்த்து மிரளவேண்டாம். அவை அரசாங்கப் பாடசாலைகள். மிஷன் பாடசாலைகளில் பெரும்பாலானவற்றை 1960, 61 ஆம் ஆண்டுச் சட்டங்களோடு அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அங்கே இடம் கிடைப்பதில்லை. மற்ற இடங்களில் பௌதிகவியலுக்கு ஆள் இருந்தால் இரசாயனவியலுக்கு இல்லை, இரண்டும் இருந்தால் ஒருவர் இடமாற்றத்துக்கு எழுதிக்கொடுத்திருப்பார்.

தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களை எடுத்தார்கள், மாதம் 6,000 ரூபாய் கொடுப்பனவுக்கு. அந்தக் காசுக்கு விஞ்ஞானப் பட்டதாரி வருவாரா? இந்தியாவிலிருந்து கணித, விஞ்ஞான ஆசிரியர்களைக் கொண்டுவரும் யோசனையை வே. இராதாகிருஷ்ணன் கல்வி இராஜாங்க அமைச்சராக இருந்தபோது சொன்னார். தொழிற்சங்கங்கள் எதிர்த்தன. எதிர்த்ததில் நியாயம் இருக்கலாம், ஆனால் அந்த வெற்று நாற்காலிகளுக்கு அவர்கள் காட்டிய மாற்று ஆள் யார்? 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிலையம் நமது சென் கூம்ஸில் இருக்கிறது. தேயிலைக் கொழுந்தைக் கரைத்து, வடித்து, அளந்து பார்க்க இங்கே இரசாயனவியலாளர்கள் உண்டு. கொழுந்து பறிக்கிறவரின் பிள்ளைக்கும் அந்தக் கொழுந்துத் தூளை விற்கிறவரின் பிள்ளைக்கும் இரசாயனம் சொல்லிக்கொடுக்கத்தான் ஆளில்லை. இந்த விடயத்தில் நாமும் தோட்டத்து மக்களும் ஒரே வரிசையில்தான் நிற்கிறோம். ஈமான் பேசுகிறவர்கள் ஒருநாளாவது வலயக் கல்விப் பணிமனைக்குப் போய் ஆசிரியர் கேட்டிருந்தால் அந்தப் பிள்ளை விடுதியைப் பற்றி யோசித்தே இருக்கமாட்டாள்.

பள்ளி நிர்வாக சபையிடம் இரண்டு கேட்கிறோம். ஒன்று, அடுத்த ஜும்ஆவுக்கு முன் அந்தக் குரல் பதிவுகளைக் குழுக்களிலிருந்து அழிக்கச் சொல்லுங்கள். அவளுக்கு வயது 16. மற்றது, ஸகாத் நிதியிலிருந்து உயர்தர விஞ்ஞானப் பிள்ளைகளுக்கு, பாடசாலை எதுவானாலும், இரண்டு வருடத்துக்குச் செலவு கொடுக்க முடியுமா? விண்ணப்பம் எழுதுவதற்கும் கைநூல் பார்ப்பதற்கும் பாடசாலை பாடசாலையாகப் போய் விசாரிப்பதற்கும் நாங்கள் வருகிறோம், பஸ் காசும் எங்களுடையது. ஆமா, இல்லை என்று இங்கேயே பதில் எழுதுங்கள். உயர்தர வகுப்பு தொடங்க அதிக நாள் இல்லை.