ஆரஞ்சு விளக்கு எரிந்தால் யார் பொறுப்பு?

விடிகாலை நான்கு மணிக்கு ஓரிக்கையில் உத்திரமேரூர் ரோட்டோரம் நின்று பாருங்கள். இந்தப் பக்கத்துப் பொருளாதாரம் எதன் மேல் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். பஸ் இல்லை, கார் இல்லை... பிக்கப் வண்டிகள்! கத்தரிக்காய், வாழைக்கட்டு, கோழிக்கூண்டு, செங்கல், கல்யாணப் பாத்திரம், பந்தல் கம்பு என்று எது நகர வேண்டுமென்றாலும் குட்டி யானையோ அதற்கு அண்ணன் முறையான பெரிய பிக்கப்போ வந்து நிற்க வேண்டும். ஓட்டுபவரே பெரும்பாலும் முதலாளி. முதலாளி என்றால் ஆர்.சி. புத்தகத்தில் மட்டும், மாதா மாதம் ஐந்தாம் தேதி வந்தால் ஃபைனான்ஸ் கம்பெனிதான் முதலாளி!

இந்த முதலாளிகளுக்குக் கடந்த சில வருடங்களாக ஒரு புதுத் தலைவலி. டேஷ்போர்டில் ஒரு ஆரஞ்சு விளக்கு. சின்னப் பெட்டி ஒன்றும் அதற்குள் சில புள்ளிகளும் போட்ட படம். அது எரிந்தால் வண்டி இழுக்காது, டீசல் கூடக் குடிக்கும், கண்டுகொள்ளாமல் விட்டால் ஒருநாள் நடுரோட்டில் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கிவிடும். சர்வீஸுக்குக் கொண்டுபோனால் பதில் ரெடியாக இருக்கும்.

"அண்ணே, டி.பி.எஃப். அடைச்சிருக்கு. ஹைவேஸ்ல ஏத்தி ஒரு அரை மணி நேரம் நல்லா மிதிச்சு ஓட்டிட்டு வாங்க, சரியாயிடும்."

"தம்பி, எனக்கு லோடு மார்க்கெட்டுக்குதாம்பா. ஹைவேஸ்ல எனக்கு என்ன வேலை?"

ஓரிக்கையில் மட்டுமல்ல, தமிழ்நாட்டில் எந்த ஊர் ஒர்க்ஷாப்பில் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். சிரிப்பாக இருந்தாலும் அந்த டிரைவரின் கேள்வி ரொம்ப நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் யாரும் சொல்வதில்லை என்பதுதான் விஷயம்.

முதலில் அந்தப் பெட்டி எதற்கு என்று பார்த்துவிடலாம். 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுக்க பி.எஸ்.6 வந்தது. நடுவில் பி.எஸ்.5 என்ற படியையே தாண்டிக் குதித்து வந்த விதி. டீசலில் இருக்கும் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கு என்பதிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. டீசல் கார் விடும் துகள்களுக்கான வரம்பு கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமுக்கு இறங்கியது. சின்னச் சரக்கு வண்டிகளுக்கும் இதே ரீதியில்தான் பிடியை இறுக்கினார்கள். இன்ஜினை மட்டும் திருத்தி இந்த அளவுக்குப் புகையைக் குறைப்பது மிகவும் கஷ்டம். அதனால் சைலன்ஸர் போகும் வழியில் ஒரு வடிகட்டியை வைத்தார்கள். பீங்கான் போன்ற பொருளில் தேன்கூடு மாதிரி நூற்றுக்கணக்கான குழாய்கள். ஒரு குழாய்க்கு முன்வாய் திறந்து பின்வாய் அடைத்திருக்கும், பக்கத்துக் குழாய்க்கு அப்படியே தலைகீழ். புகை சுவர் வழியாகக் கசிந்துதான் வெளியே போக முடியும். கரி உள்ளேயே தங்கிவிடும்.

தங்கிய கரியை என்ன செய்வது? எரிக்க வேண்டும். அதற்குத்தான் ரீஜெனரேஷன் என்று பெயர். வண்டி நல்ல வேகத்தில், நல்ல சூட்டில் ஓடிக்கொண்டிருந்தால் கரி கொஞ்சம் கொஞ்சமாகத் தானாகவே எரியும். அந்தச் சூடு கிடைக்காவிட்டால் கம்ப்யூட்டர் தலையிட்டு, வழக்கத்தை விடக் கூடுதல் டீசலைத் தெளித்து, வடிகட்டியின் உள்ளே சுமார் 600 டிகிரி வரை சூடேற்றிக் கரியைப் பொசுக்கும். இதற்குப் பத்து இருபது நிமிடம் ஆகும். அதுவரை வண்டி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பாதியில் சாவியைத் திருகி அணைத்தால் வேலை பாதியில் நிற்கும். அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பம்.

இப்போது அந்த மார்க்கெட் வண்டியைப் பாருங்கள். ஓரிக்கையிலிருந்து காஞ்சிபுரம் ராஜாஜி மார்க்கெட் நாலைந்து கிலோமீட்டர் இருக்கும். இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் மார்க்கெட் வந்துவிடும். இறக்கி முடிக்கும் வரை ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு தெருத்தெருவாகக் கடைகளுக்கு நாலு நாலு மூட்டை. காஞ்சிபுரத்தில் பிரம்மோற்சவம் வந்தால் கேட்கவே வேண்டாம், முதல் கியரில் ஊர்ந்தே பாதி நாள் போகும். இப்படி ஓடும் வண்டியில் கரி சேர்வது அதிகம், எரிவது குறைவு. ஆக கம்ப்யூட்டர் திரும்பத் திரும்ப ரீஜெனரேஷனை ஆரம்பிக்கும். டிரைவர், தெரியாமல்தான், திரும்பத் திரும்ப அணைப்பார். பாலாறு தாண்டி மாகறல், திருப்புலிவனம் வழியாக உத்திரமேரூர் போய் வரும் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரே மாடல், ஒரே டீசல், ரூட் மட்டும் வேறு!

இதன் செலவு எவ்வளவு? ஒரு உதாரணக் கணக்கு. தினம் 100 கிலோமீட்டர் ஓடும் வண்டி, லிட்டருக்கு 14 கொடுத்துக்கொண்டிருந்தது, அடிக்கடி ரீஜெனரேஷன் ஆவதால் 12.5 கொடுக்கிறது என்று வையுங்கள். ஏழே கால் லிட்டருக்குள் முடிந்த இடத்தில் எட்டு லிட்டர். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் தினம் சுமார் 80 ரூபாய், 25 நாளைக்கு 2,000 ரூபாய். இது வெளியே தெரிகிற செலவு. தெரியாத செலவுதான் பெரியது. சில இன்ஜின்களில் கூடுதலாகத் தெளித்த டீசலில் ஒரு பங்கு சிலிண்டர் சுவர் வழியே இறங்கி ஆயிலோடு கலக்கும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தால் ஆயில் அளவு ஏறியிருக்கும். "நம்ம வண்டி ஆயிலே குடிக்கல" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு, பாவம். நீர்த்துப்போன ஆயிலில் ஓடினால் டர்போவும் பேரிங்கும் என்ன ஆகும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார். ஒர்க்ஷாப்பில் நிற்கும் நாளுக்கு வாடகை கிடையாது. இ.எம்.ஐ.க்கு மட்டும் லீவு கிடையாது.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே சொல்லித் தரும் ஒரு பாடம் உண்டு. ஒருவர் செய்யும் தொழிலின் செலவு சம்பந்தமில்லாத இன்னொருவர் தலையில் விழுவது. பழைய டீசல் வண்டியின் புகை அதற்குச் சரியான உதாரணம். வாடகை வண்டிக்காரருக்கு, புகை ரோட்டோரம் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012 ஜூனில் முதல் பிரிவில் சேர்த்து அறிவித்தது. ஆகவே வடிகட்டி வேண்டும். அதில் இரண்டாம் பேச்சே இல்லை. கெமிக்கல் ஊற்றிக் கழுவி, உள்ளே இருப்பதை உடைத்து எடுத்து, கம்ப்யூட்டரையும் ஏமாற்றி வெறும் குழாயாக்கித் தருகிறோம் என்று கிளம்பியிருப்பவர்கள் செய்வது சட்டப்படி தப்பு என்பது இருக்கட்டும், அந்த வண்டி போகும் தெருவில் அவர்கள் பிள்ளையும்தானே நிற்கிறது?

ஆனால் செலவு ஒருவர் தலையிலிருந்து இறங்கினால் இன்னொருவர் தலையில் ஏற வேண்டுமே. அது இப்போது ஏறியிருப்பது கம்பெனி தலையிலும் இல்லை, அரசாங்கம் தலையிலும் இல்லை. இருப்பதிலேயே சின்னத் தலையில். "நீங்க ஓட்டுற விதம் சரியில்லை, வாரண்டியில் வராது" என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள். கொடுமை என்னவென்றால் விற்கும்போது இந்த வாக்கியம் வராது. மைலேஜ் சொல்வார்கள், லோடு சொல்வார்கள், முன்பணம் எவ்வளவு குறைவு என்று சொல்வார்கள். "நீங்கள் எந்த ரூட்டில் ஓட்டப்போகிறீர்கள்?" என்று கேட்டு, "தினம் ஐந்து கிலோமீட்டர்தான் என்றால் இந்த டீசல் வண்டி உங்களுக்கு வேண்டாம், சி.என்.ஜி. பாருங்கள்" என்று சொல்லும் விற்பனையாளரைப் பார்ப்பது அரிது. வண்டியோடு தரும் கையேட்டில் எல்லாம் எழுதியிருக்கும்தான். அது டிரைவர் படிக்கிற மொழியில், படிக்கிற அளவு எழுத்தில் இருந்தால் நன்றாக இருக்கும்.

இன்னொரு விஷயம். அடிக்கடி ரீஜெனரேஷன் ஆவது காய்ச்சல் மாதிரி. அது நோயல்ல, அறிகுறி. கிரஷர் தூசியில் ஓடி ஏர் ஃபில்டர் அடைத்திருக்கலாம், டர்போ ஹோஸில் விரிசல் இருக்கலாம், இன்ஜெக்டர் ஒழுகலாம், ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்துச் சிக்கியிருக்கலாம், வடிகட்டியின் முன்னும் பின்னும் அழுத்தத்தை அளக்கும் சென்சாரே பொய் சொல்லலாம். மலிவாகக் கிடைக்கிறதே என்று சாம்பல் அதிகம் விடும் ஆயிலை ஊற்றியிருக்கலாம் (கரி எரியும், ஆயில் சாம்பல் எரியாது, உள்ளேயே தங்கி இடத்தை அடைக்கும்). இதில் எது என்று பார்க்காமல் கம்ப்யூட்டரை மாட்டிக் கட்டாய ரீஜெனரேஷன் செய்து, பில் போட்டு அனுப்பினால் அடுத்த மாதம் அதே வண்டி அதே இடத்தில் வந்து நிற்கும். காரணம் தேடாமல் பாராசிட்டமால் கொடுத்து அனுப்புவதற்குப் பெயர் வைத்தியமா?

"ஓட்டும் விதம்தான் காரணம்" என்ற வாதம் எப்போதுமே செல்லாது என்பதற்கு ஆஸ்திரேலியாவில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. 2015 அக்டோபர் 1 முதல் 2020 ஏப்ரல் 23 வரை அங்கே விற்ற டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், ஃபார்ச்சூனர், பிராடோ ஆகிய டீசல் வண்டிகள், மொத்தம் 2,64,170. வெள்ளைப் புகை, ஓயாத ரீஜெனரேஷன், கூடுதல் டீசல் என்று புகார்கள். வண்டிக்காரர்கள் ஒன்றாகச் சேர்ந்து போட்ட வழக்கில் 2022 ஏப்ரலில் ஃபெடரல் கோர்ட் தீர்ப்புச் சொன்னது: வடிகட்டி அமைப்பின் வடிவமைப்பிலேயே குறை, வண்டியின் மதிப்பு 17.5 சதவீதம் குறைவு. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டு அமர்வு அதை 10 சதவீதமாக்கியது. 2024 நவம்பரில் அந்நாட்டு உயர்ந்தபட்ச நீதிமன்றம் மதிப்புக் குறைவைக் கணக்கிடும் முறையைத் தெளிவாக்கி, தொகையை மறுபடி முடிவு செய்யச் சொல்லித் திருப்பியனுப்பியது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்த வண்டிகளில் கோளாறு வந்தது மார்க்கெட்டுக்குள் ஊர்ந்ததால் அல்ல. சுமார் நூறு கிலோமீட்டர் வேகத்தில் தொடர்ந்து ஓட்டினால்தான் கோளாறு! இங்கே "ஹைவேஸில் ஓட்டுங்க" என்பதுதான் மருந்து, அங்கே ஹைவேஸில் ஓட்டியதுதான் வியாதி. இதை வைத்து இங்கு ஓடும் வண்டிகளெல்லாம் குறையுள்ளவை என்று சொல்லிவிட முடியாது. அவை வேறு வண்டிகள், வேறு ரூட்டுகள். ஆனால் ஒரே மாதிரிப் புகார் நூறு பேரிடமிருந்து வந்தால், நூறு பேருக்கும் ஓட்டத் தெரியவில்லை என்று சொல்வதற்கு முன் யாராவது ஒருவர் அந்தப் பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

இங்கேயும் சட்டம் இல்லாமல் இல்லை. தொழிலுக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் கோர்ட்டில் இடமில்லை என்று பலர் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'வணிக நோக்கம்' என்பதை விலக்கினாலும், சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கித் தானே பயன்படுத்துபவரை விலக்கவில்லை. ஒரே வண்டி வைத்துத் தானே ஓட்டிப் பிழைப்பவர் அந்தச் சட்டத்தின் கண்ணில் நுகர்வோர்தான். வண்டி வாங்கிய ஊருக்குப் போக வேண்டாம், தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். ஒரே குறை உள்ள பலர் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே மனுவாகவும் போடலாம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தம் சேர்த்த 110ஏ பிரிவோ, சுற்றுச்சூழலுக்குத் தீங்கு செய்யும் குறை இருந்தால் வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. உரிமையாளர்கள் தரும் புகார்களும் அதற்கு ஒரு அடிப்படை.

ஆனால் புகார் காகிதத்தில் இருக்க வேண்டும். டிரைவர்கள் தோற்பது இந்த இடத்தில்தான். வாயால் சொல்லி, வாயால் பதில் வாங்கிக்கொண்டு, "சரி சார்" என்று காசு கட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். விளக்கு எரிந்த தேதி, அப்போதைய கிலோமீட்டர், ஜாப் கார்டு, ஆயில் வாங்கிய பில், டீசல் போட்ட ரசீது ஆகியவை ஒரு பழைய பிளாஸ்டிக் கவரில் வண்டிக்குள்ளேயே கிடக்கட்டும். விளக்கு எரியும்போது செல்போனில் ஒரு போட்டோ. வாரண்டி கிடையாது என்று சொல்கிறார்களா? அதை ஜாப் கார்டிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். "கம்ப்யூட்டரில் என்ன கோட் வந்தது, கடைசியாக எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு தடவை ரீஜெனரேஷன் ஆகியிருக்கிறது, அதை பிரிண்ட் எடுத்துக் கொடுங்க தம்பி" என்று கேளுங்கள். கொடுக்கத் தயங்கினால், தயங்கியதையும் தேதி போட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இது அறுவடைக் காலத்துக்கு. இந்தப் பக்கத்து ரோடுகளில் நெல்லையும் வைக்கோலையும் பரப்பியிருப்பார்கள். ரீஜெனரேஷன் ஓடிக்கொண்டிருக்கும் வண்டியைக் காய்ந்த வைக்கோல் மேல் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். வண்டிக்கு அடியில் இருப்பது அடுப்பு.